பாதி நீளத்தில் 75 லட்சம் பேர்

கேள்வி: டோக்கியோ மெட்ரோவைவிட நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைதான் நீளமானது. ஆனால் நெரிசல் என்றால் எல்லாரும் டோக்கியோவைத்தான் சொல்கிறார்கள். அங்கே மக்கள்தொகை அதிகம் என்பதுதான் காரணமா?

பதில்: அது மட்டுமே காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு நாடுகளிலும் ரயிலேறி வேலைக்குப் போயிருக்கிறேன்.

டோக்கியோவில் நான் ஏறியது டோக்கியோ மெட்ரோ நிறுவனத்தின் தோசாய் சுரங்க ரயில் பாதை. கிபா நிலையத்தைத் தாண்டியதும் காலை நெரிசல் 2019இல் 199 சதவீதம். எல்லாருக்கும் இருக்கையோ கைப்பிடியோ கிடைத்தால் 100. 200 என்றால் உடம்போடு உடம்பு நசுங்கும், வார இதழை எப்படியோ படிக்கலாம் என்றது அன்றைய ஜப்பானிய அளவுகோல். உண்மைதான், படித்திருக்கிறேன். பக்கம் திருப்புவதுதான் பெரும்பாடு.

அந்தக் காலகட்டத்தில் டோக்கியோ மெட்ரோவின் 195 கிலோமீட்டரில் நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். நியூயார்க்கில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வார நாளில் சுமார் 55 லட்சம் பேர். கிலோமீட்டருக்குச் சுமார் 38,000 பேர் டோக்கியோவில், 14,000 பேர் நியூயார்க்கில். (டோக்கியோவில் சுரங்க ரயில் ஓட்டும் இன்னொரு நிறுவனமான தோயெயின் எண்ணிக்கையையும் சிலர் இதோடு கூட்டுவார்கள். கூட்டாதீர்கள், மெட்ரோவிலிருந்து தோயெய்க்கு மாறுகிறவர் இரண்டு கணக்கிலும் வருவார்.)

எனக்குப் பெரிதாகப் படும் காரணம், ரயில் மாறாமல் போக முடிவது. புறநகரில் மிதாகாவில் ஏறினால், அதே பெட்டி தோசாய் சுரங்கத்துக்குள் இறங்கி அலுவலக வாசல்வரை கொண்டுபோய்விடும். 1960லிருந்தே டோக்கியோவில் இப்படி வெவ்வேறு நிறுவனங்களின் ரயில்கள் ஒன்றின் பாதையில் ஒன்று ஓடுகின்றன. நியூயார்க்கின் புறநகர் ரயிலான லாங் ஐலண்ட் ரயிலோ பென் ஸ்டேஷன் போன்ற முனையங்களோடு நின்றுவிடும். இறங்கி, தனிக் கட்டணம் கட்டித்தான் சுரங்க ரயிலில் ஏற வேண்டும். ஜப்பானில் மாதப் பயணச்சீட்டுக்குப் பெரும்பாலும் அலுவலகமே பணம் தருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நிலையத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. வாஷிங்டன் மெட்ரோவின் வியன்னா நிலையம் நெடுஞ்சாலையின் நடுவே இருக்கிறது. நான் போய்வந்த நாள்களில் நடைபாலம் முடிகிற இடத்தில் அடுக்கடுக்காக வாகன நிறுத்தம்தான் இருந்தது. சாலை நடுவில் வைத்ததுதான் தவறு என்று நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். பிறகு ஒசாகாவில் எசாகா நிலையத்தில் இறங்கினேன். மிதோசுஜி பாதை அங்கே பெருஞ்சாலையின் நடுவில்தான் ஓடுகிறது. படியிறங்கியதும் இரு பக்கமும் அலுவலகங்கள், உணவகங்கள், அவற்றின் பின்னே அடுக்குமாடி வீடுகள்!