"விடோஸ் வீட்ஸ்" என்பது களை அல்ல, கைம்பெண்ணின் துக்க உடை

"விடோஸ் வீட்ஸ்" (widow's weeds) என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்து, "களைகளோடு வந்தாள்" என்று எழுதாதீர்கள். வழக்கமாகக் களைகளைக் குறிக்கும் "வீட்ஸ்", நீங்கள் மொழிபெயர்க்கும் விக்டோரியா காலக் கதையில் உடையைக் குறிக்கிறது. "விடோஸ் வீட்ஸ்" என்றால் கணவனை இழந்தவள் அணியும் கறுப்பு உடையும் முகத்திரையும்.

குழப்பம் எழுத்துக்கூட்டால் வந்திருக்கும். பழைய ஆங்கிலத்தில் துணிக்கு "வேட்", களைக்கு "வேஓட்" என்று இரண்டு தனிச் சொற்கள். காலப்போக்கில் ஒரே வடிவமாகிவிட்டன. உடைப் பொருள் மங்கி, இன்று பெரும்பாலும் இந்தத் தொடரில்தான் மிஞ்சியிருக்கிறது.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் "உடை" என்று போட்டுப் படியுங்கள். முன்னால் "இன்" (in) என்ற ஆங்கிலச் சொல் வந்தாலோ, அணிவது கழற்றுவது பற்றிய வினை வந்தாலோ அநேகமாகத் துணிதான். ஆனால் பழைய கவிதையில் ஒருமையில் வந்தால் துக்கம் இல்லாத வெறும் ஆடையாகவும் இருக்கலாம். ஷேக்ஸ்பியர் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் பாம்பு உரித்த தோலையே "வீட்" என்கிறார். நாம் பாம்புச் சட்டை என்கிறோமே, அதேதான்!

ஒன்று மட்டும்: "வெள்ளைச் சேலை" என்று தமிழாக்கிவிடாதீர்கள். விக்டோரியா கால இங்கிலாந்தில் துக்கத்தின் நிறம் கறுப்பு. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி 1901இல் தான் இறக்கும்வரை கறுப்புதான் உடுத்தினார். "கறுப்புத் துக்க உடை" போதும்.