சென்னையில் மழை என்றால் மிதிகமவில் கச்சான் காற்று

கேள்வி: "அண்ணா, சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் இரண்டு வருடமாக சர்ஃபிங் செய்கிறேன். நவம்பர் 5 முதல் 20 வரை இலங்கையின் தென்மேற்குக் கரைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஹிக்கடுவவில் தங்குவதா, மிதிகமவிலா? மணல்மேட்டில் உடையும் அலைதான் எனக்குப் பழக்கம், பாறை மேல் உடையும் அலையில் இதுவரை இறங்கியதில்லை. இப்போதிருந்தே அலைக் கணிப்பு ஆப் பார்க்கிறேன். ஒரு நாள் 1.5 மீட்டர், மறுநாள் 0.9 மீட்டர் என்று காட்டுகிறது. காற்று தினம் ஒரு திசை. அந்த இரண்டு வாரம் கடல் எப்படி இருக்கும்?"
— சென்னையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, தாராளமாகப் போங்கள். அறையை மட்டும் மிதிகமவிலோ பக்கத்தில் அஹங்கமவிலோ போடுங்கள். ஹிக்கடுவவை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அலை இல்லை, காற்று. ஆப்பில் நீங்கள் முதலில் பார்க்கிற அந்த மீட்டர் கணக்கை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் நவம்பர் என்ன மாதிரி மாதம் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு வரும் நல்ல அலை எல்லாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, 45, 50 பாகை அட்சரேகையில் சுற்றிக்கொண்டிருக்கும் புயல்களிலிருந்து வருகிறது. அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆனால் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கரையை நோக்கி அடித்து அத்தனை அலையையும் நுரையாக்கிவிடும். அதனால்தான் அந்த நேரத்தில் எல்லோரும் கிழக்குக் கரைக்கு, அறுகம் குடாவுக்குப் போய்விடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று சொக்கத்தங்கம், தெற்கே புயல் இளைத்துப்போயிருக்கும், அலை சிறுக்கும். நடுவில் அக்டோபர், நவம்பர். பழைய காற்று போய் முடியவில்லை, புதுக் காற்று வந்து சேரவில்லை. அலை இன்னும் தெம்பாக இருக்கும், காற்று யார் பக்கம் என்று தெரியாது. உங்கள் இரண்டு வாரமும் இந்த இழுபறிக்குள்தான் வருகிறது.

ஆப் தினமும் மாற்றிச் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தத் தெற்குப் புயலிலிருந்து மிதிகம வரை சுமார் 5,700 கிலோமீட்டர். ஆழ்கடலில் ஸ்வெல், அதாவது தூரத்துப் புயல் கிளப்பி அனுப்பும் அலைகள், கூட்டமாக நகரும் வேகத்தை அதன் பீரியடிலிருந்தே கணக்குப் போடலாம். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, அதை ஒன்றரையால் பெருக்கினால் 'நாட்' (knot) என்கிற கடல் வேக அலகில் வேகம் வந்துவிடும். 16 விநாடி ஸ்வெல் என்றால் 24 நாட், மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர். ஐந்து நாளுக்குச் சற்று மேல் பயணம். 12 விநாடி என்றால் ஏழு நாள் ஆகும். ஆகவே ஐந்து நாளுக்குள் வரப்போகும் ஸ்வெல்லின் புயல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், அந்தக் கணிப்பை நம்பலாம். பத்து, பதினாறு நாளுக்குக் காட்டுவதெல்லாம் பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற வேலை. நவம்பர் மாதத்துக் கடலை இன்றே ஆப்பில் தேடி மனதை அலைக்கழிக்காதீர்கள்.

சரி, அந்த 1.5 மீட்டர், 0.9 மீட்டர். கோவளத்தில் மழைக்காலத்தில் நீங்கள் ஏறும் அலை பெரும்பாலும் வங்கக் கடலிலேயே காற்று கிளப்பிய அலை, ஆறேழு விநாடி இடைவெளி. தெற்கிலிருந்து வரும் நீண்ட ஸ்வெல்லில் ஒரு பங்கை இலங்கையே மறைத்துக்கொள்கிறது. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் பீரியடையும் பெருக்கினால் வருவது. 1.5 மீட்டர், 7 விநாடி என்றால் 15.75. ஒரே ஒரு மீட்டர், 16 விநாடி என்றால் 16. ஆப்பில் பார்த்தால் இரண்டாவது சின்ன அலை. பாறையில் வந்து நிற்கும்போது அப்படி இருக்காது. 7 விநாடி அலை 38 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணர ஆரம்பிக்கும், 16 விநாடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணரும். அங்கிருந்தே வேகம் குறைந்து, வளைந்து, பாறைக்கு வரும்போது எழும்பி நிற்கும். கன்னியாகுமரி, கேரளக் கரையில் காற்றே இல்லாத நாளில் கடல் ஊருக்குள் வருவதைக் கள்ளக்கடல் என்பார்கள், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் எச்சரிக்கையிலும் அதே பெயர்தான். அதைக் கிளப்புவதும் இந்த மாதிரி நீண்ட தெற்கு ஸ்வெல்தான். ஆகவே ஆப்பைத் திறந்ததும் விநாடியைப் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் பாறை தூங்கும். 12 முதல் 14 உங்கள் நிலைக்கு அளவானது. 16, 17 என்று காட்டி உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினால் முதல் நாள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

இப்போது காற்று. பாறையின் தரை மாறாது. மணல்மேடு ஒரு புயலில் கலைந்து வேறிடத்தில் சேரும், கோவளத்தில் பார்த்திருப்பீர்கள். நம் மீனவர்கள் பார் என்று சொல்கிற கடலடிப் பாறை நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும், அலையும் அதே இடத்தில்தான் உடையும். அப்புறம் நாளுக்கு நாள் மாறுவது ஸ்வெல், நீர்மட்டம், காற்று மூன்றும்தான். அதில் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று.

மிதிகமக் கரை ஏறக்குறைய தெற்கு, தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. வாடைக் காற்று, அதாவது வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது, நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். சர்ஃபர்கள் ஆஃப்ஷோர் என்பது இதைத்தான். அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்துச் சீவிவிட்டது போல ஆக்கும். கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வந்து அலையின் முதுகில் ஏறும், நேரத்துக்கு முன்பே அதை உடைத்துவிடும். நவம்பர் முதல் வாரங்களில் இந்த இரண்டும் மாறி மாறி வரும்.

எப்போது கச்சான் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, சென்னைக்காரரான உங்களுக்கு இன்னும் சுலபம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, சென்னைக்குக் கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறையா என்று செய்தி ஓடுகிறதா? பூமத்திய ரேகைக்கு வடக்கே, நம் பக்கத்தில், தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். தாழ்வு சென்னைக்கு எதிரே இருந்தால் அதன் தெற்கு ஓரத்தில், அதாவது இலங்கையின் தென்முனையில், காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றால் மிதிகமவில் கச்சான் என்று வைத்துக்கொள்ளலாம். தாழ்வு ஆந்திரப் பக்கம் ஏறிக் கரையைக் கடந்துவிட்டால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தாழ்வு இலங்கையை ஒட்டியே உருவானால் கதை வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அப்படி வந்ததுதான், குமரிக் கடலில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். அந்த மாதிரி நாளில் அலையைப் பற்றிப் பேச்சே கிடையாது, போர்டை உள்ளே வைத்துவிட்டு அறையில் இருங்கள்.

தாழ்வு எதுவும் இல்லாத சாதாரண நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. இரவில் நிலம் குளிர்ந்து, விடியலில் மெல்லிய கரைக்காற்று வீசும் அல்லது காற்றே இருக்காது. ஆறு மணி வாக்கில் வெளிச்சம் வரும்போது தண்ணீரில் இருங்கள். ஒன்பதரை, பத்துக்கு வெயில் ஏறியதும் கடற்காற்று தொடங்கும், பதினொன்றுக்கு மேல் முகம் கலங்கிவிடும். பிற்பகலில் நிலத்தின் மேல் இடிமேகம் கட்டி மாலையில் கொட்டும். இடி கேட்டால் அடுத்த அலைக்குக் காத்திருக்காமல் கரையேறுங்கள், தட்டைக் கடலில் உயரமாக நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் தலைதான். இதில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு ஒன்று உண்டு: இரவு மழை பெய்து, காலையிலும் மேகம் மூடியே இருந்தால் நிலம் சூடேறாது, கடற்காற்று தாமதமாகும். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் போர்வையை இழுத்துக்கொள்ளும் அந்த மூட்டமான காலையில், சில சமயம் பன்னிரண்டு மணி வரைக்கும் கடல் கண்ணாடியாக இருக்கும்.

ஹிக்கடுவ ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தக் கரை இன்னும் மேற்கே திரும்பி நிற்கிறது. நவம்பர் தொடக்கத்தில் மேற்கு, வடமேற்குக் காற்று மிச்சமிருந்தால் ஹிக்கடுவவுக்கு அது கடலிலிருந்து வருகிற காற்று. மிதிகமவுக்கு மேற்கு பக்கவாட்டு, வடமேற்கோ பாதி நிலத்திலிருந்து வருவது. தெற்கு ஸ்வெல்லும் மிதிகமவுக்கு நேராக வரும், ஹிக்கடுவவுக்கு வளைந்து போக வேண்டும். வாடை பலத்துவிடும் ஜனவரியில் நிலைமை தலைகீழ்: கிழக்கே திக்குவல்லை, ஹிரிகெட்டியப் பக்கம் காற்று கலைக்கும், ஹிக்கடுவ நிலத்தின் மறைவில் அமைதியாக இருக்கும். அப்போது போய் அங்கே மெயின் ரீஃப் என்ற பாறை அலையில் இறங்குங்கள், உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும் அழகான அலை அது.

மிதிகமவிலும் எல்லாப் பாறையும் ஒன்றல்ல. லேஸி லெஃப்ட் பெயருக்கேற்ற சோம்பேறி அலை, இடப்பக்கமாக நீளமாக ஓடும், தப்பு செய்தாலும் மன்னிக்கும். முதல் நான்கு நாள் அங்கேதான். சற்றுத் தள்ளி ராம்ஸ் என்று ஒரு வலப்பக்க அலை இருக்கிறது. கரையிலிருந்து பார்க்க ஆசையாக இருக்கும், போகாதீர்கள். ஆழம் மிகக் குறைவு, இரண்டு வருட மணல் அனுபவம் அங்கே செல்லாது. கச்சான் நாளில் எதுவும் சரியில்லை என்றால் ஐந்தாறு கிலோமீட்டரில் வெலிகம குடா, மணல் தரை, கோவளத்துக்காரருக்குப் பழகிய இடம். பெருமழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், ஆறு அங்கே கலப்பதால் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும்.

ஆழம் பற்றிச் சொல்லவேண்டும். அலை தன் உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1.2 மீட்டர் அலை உடையும் இடத்தில் தண்ணீர் ஒன்றரை மீட்டர்தான், உங்கள் கழுத்தளவு. அலை எழும்பும்போது முன்னால் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் கணத்தில் இன்னும் குறையும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்ற வற்றம் ஒரு மீட்டரை ஒட்டி வரும், இங்கே அரை மீட்டரைச் சுற்றித்தான். அரை மீட்டர்தானே என்று நானும் நினைத்தவன்தான். முதல் தடவை, பௌர்ணமிக்கு மறுநாள், நன்றாக வற்றியிருந்த நேரத்தில் இறங்கினேன். விழுந்ததும் கோவளத்துப் பழக்கத்தில் காலை ஊன்றி நிற்கப் பார்த்தேன். குதிகாலில் முருகைக்கல் (பவளப்பாறை) கிழித்து மீதிப் பயணம் முழுக்க நொண்டினேன். நீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகு இறங்குங்கள், வற்றத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் வெளியேறுங்கள். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் முதுகோ பிட்டமோ படும்படி தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள், காலைக் கீழே தேடாதீர்கள். இடுக்குகளில் கடல் முள்ளெலி வேறு இருக்கும். பவளம் வெட்டினால் எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுத் துகள் போகும்வரை கழுவி, கிருமிநாசினி போடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

நடைமுறைக்கு வந்தால் இப்படிச் செய்யுங்கள். அக்டோபர் 31 வாக்கில் ஸ்வெல் பீரியடை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் முன்னால் விண்டி என்ற காற்றுக் கணிப்பு ஆப்பில் காற்றைப் பாருங்கள், அதில் இரண்டு கணிப்பு மாடல்களை ஒப்பிட்டு, ஒத்துப்போனால் நம்புங்கள், முரண்பட்டால் தாழ்வு எங்கே என்று தேடுங்கள். அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும், பெயர் அது வரும் திசையைச் சொல்லும், பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே போன பிறகு இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைத் தினமும் பாருங்கள், தமிழிலேயே வரும். காலியிலிருந்து அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு என்று தொடங்கும் வரி உங்களுக்கானது. மேற்கு, தென்மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டி என்று வந்தால் அன்று காலி நகரத்துக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம்.

என் கணிப்பில் உங்கள் பதினைந்து காலைகளில் பாதிக்கு மேல் நன்றாக இருக்கும், ஒரு தாழ்வு குறுக்கே வந்தால் தொடர்ந்து மூன்று நான்கு நாள் போகும். திரும்பும் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

தினமும் இறங்குவதற்கு முன் கரையில் இருபது நிமிடம் உட்காருங்கள். நீண்ட ஸ்வெல்லில் பெரிய செட்டுகளுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் பெரிய அலைக் கூட்டங்களுக்கு, நடுவே கடல் வெகுநேரம் சும்மா இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து இறங்குகிறவர்கள் நிறைய. உள்ளூர்க்காரர்கள் எந்த வாய்க்கால் வழியாக வெளியே போகிறார்களோ அதே வழியில் போங்கள், அவர்கள் எடுத்த பிறகு மிச்சத்தை எடுங்கள். போர்டின் அடியில் மாட்டும் ஃபின் இன்னொரு செட் பையில் வையுங்கள், பாறையில் தட்டி ஒன்றாவது உடையும்.