பாரிஸ் புறநகர்க் கலவரங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் புறநகர்க் கலவரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கலகம் செய்தவர்கள்மீது அளவுக்கு மீறிய பரிவு தெரிகிறது. முப்பது ஆண்டுகளாகப் பாரிஸின் புறநகரான லா கூர்நேவில் வசிக்கும் ஈழத்தமிழன் நான். 2005 நவம்பரில் என் காரையும் எரித்தார்கள். மேல்மாடியில் இருந்த அல்ஜீரியர் கதவைத் தட்டி எழுப்பியிராவிட்டால் அருகில் நின்றவையும் எரிந்திருக்கும். நாங்களும் அகதிகளாக வந்தவர்கள்தாம். எங்கள் பிள்ளைகள் எதையும் எரிக்கவில்லையே? அப்படியானால் கோளாறு அந்தச் சமூகங்களிடம்தானே இருக்கிறது?

ஒரு வாசகர், லா கூர்நேவ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காரை எரித்தவர் தண்டிக்கப்பட வேண்டியவர் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எரித்தவரிடமிருந்து ‘அந்தச் சமூகங்கள்’ என்ற முடிவுக்கு உங்கள் கடிதம் ஒரே எட்டில் போய்விடுகிறது. என் கட்டுரை அந்த எட்டைப் பற்றியதுதான்.

2005 அக்டோபர் 27 அன்று, பாரிஸின் இன்னொரு புறநகரான கிளிஷி-சூ-புவாவில் காற்பந்து ஆடிவிட்டுத் திரும்பிய சிறுவர்கள் காவலர்களைக் கண்டு ஓடினார்கள். அவர்களில் மூவர் துணைமின் நிலையம் ஒன்றுக்குள் ஒளிந்தார்கள். 17, 15 வயதான இருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள், மூன்றாமவர் கடும் தீக்காயங்களோடு பிழைத்தார். அவர்கள் திருட முயன்றவர்கள் என்ற பேச்சுத்தான் அரசுத் தரப்பிலிருந்து முதலில் வந்தது. அது உண்மையல்ல என்பது பின்னர்த் தெளிவானது. அந்தச் சாவுகளுக்கு இரண்டு நாள் முன்புதான் உள்துறை அமைச்சர் சார்க்கோசி அர்ஜான்தேயில் புறநகர் இளைஞர்களைக் குறித்து, ‘கழிசடைகள்’ என்று பொருள்படும் ‘ராக்காய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். மூன்று வாரங்களில் ஏறத்தாழ 10,000 வாகனங்கள் எரிந்தன. நவம்பர் 8 அன்று அரசு அவசரநிலையை அறிவித்தது; அதற்கு எடுத்துக்கொண்ட சட்டம், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரை அடக்க 1955-இல் இயற்றப்பட்டது. அல்ஜீரியர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருக்களில் அந்தச் சட்டம் திரும்பி வந்ததன் பொருளை, உங்கள் மேல்மாடிக்காரர் என்னைவிட நன்றாக அறிவார்.

பிறகு விளக்கங்கள் வந்தன. பிரெஞ்சு அகாதெமியின் அன்றைய நிரந்தரச் செயலாளரும் வரலாற்றறிஞருமான எலேன் கரேர் தாங்கோஸ், ஆப்பிரிக்கக் குடும்பங்களின் பலதார மணத்தைக் காரணமாகச் சொன்னார். வேலைவாய்ப்புத் துறைப் பொறுப்பிலிருந்த அமைச்சர் லார்ஷேயும் அதையே சொன்னார். தத்துவவாதி ஃபின்கீல்குரோ இதை இன, மதக் கலகமாகவே கண்டார். எதிரிலிருந்த துணைமின் நிலையத்தை விட்டுவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் மதத்துக்குள்ளும் இவர்கள் காரணம் தேடினார்கள். காவல்துறையின் உளவுப் பிரிவோ, தன் அறிக்கையில், இது தலைமையும் திட்டமும் இல்லாத மக்கள் கிளர்ச்சி என்றும், இஸ்லாமியவாதிகளுக்கு இதில் பங்கில்லை என்றும் எழுதியது. ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்களே கண்டுகொண்டதை அறிஞர்கள் காண மறுத்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கலகத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பிரான்சில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள். 2023-இல் நான்தேரில் 17 வயது இளைஞனைக் காவலர் சுட்டுக்கொன்றதைத் தொடர்ந்து கலவரம் எழுந்தபோது, கைதானவர்களில் வெளிநாட்டவர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று உள்துறை அமைச்சர் தர்மனான் சொன்னார். அதற்கு, செனட் உறுப்பினர் ரத்தையோ, அவர்கள் அடையாள அட்டையில் பிரெஞ்சுக்காரர்களாக இருக்கலாம், ஆனால் தங்கள் இன வேர்களுக்குப் பின்வாங்கிவிட்டார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். பிரஜாவுரிமையே ஒருவரை இந்த முத்திரையிலிருந்து விடுவிக்காதென்றால், வேறு எது விடுவிக்கும்?

‘எங்கள் பிள்ளைகள் எரிக்கவில்லை’ என்கிறீர்கள். அந்த நற்சான்றும் ஒரு சமூகத்தை மொத்தமாக எடைபோட்டுத் தரப்படுவதுதான். ஒரு நாள் மொத்தமாகவே பறிக்கப்படும். 1983 ஜூலையில் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் 13 படையினரைப் புலிகள் கொன்றதற்கு, கொழும்பில் கடை வைத்திருந்த தமிழரும் அலுவலகம் போய்வந்த தமிழரும் விலை கொடுத்தார்கள். கலவரம் தொடங்கி நான்கு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் பேசிய ஜனாதிபதி ஜெயவர்த்தனா, வீடிழந்த தமிழருக்கு ஓர் ஆறுதல் சொல்லும் சொல்லாமல், சிங்கள மக்களின் மனக்கொதிப்பை எடுத்துரைத்தார். சிலரிடமிருந்து எல்லோருக்கும் தாவும் அந்தக் கணக்கு எப்படி முடியும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இன்னொன்று. 2005-இன் அந்த வாரங்களில் எரிந்த கார்கள் பெரும்பாலும் அதே புறநகர்களில் வசித்தவர்களுடையவை. அவர்களை அன்றைய விவாதம் எரித்தவர்களோடு ஒரே பெயரால்தான் அழைத்தது. உங்களை எழுப்பிய அந்த அல்ஜீரியரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதுங்கள். அதை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்