ஓய்வுக்குப் பின் பணிக்கொடையில் பிடித்தம் செய்யலாமா?

கேள்வி: 1988இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றுத் தேவகோட்டையில் வசிக்கிறேன். 2010இல் என் ஊதிய நிர்ணயம் தவறாகச் செய்யப்பட்டதாகத் தணிக்கையில் ஆட்சேபணை எழுந்துள்ளது. கூடுதலாகப் பெற்ற 3,40,000 ரூபாயைப் பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளச் சம்மதக் கடிதம் தந்தால்தான் மீதித் தொகை வரும் என்கிறார்கள். தரலாமா?

பதில்: தராதீர்கள். அந்தக் கடிதம்தான் நாளை உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக நிற்கும்.

பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சி, டி பிரிவு (கீழ்நிலைப் பணி) ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்டு வந்த கூடுதல் ஊதியத்தையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும். தங்களுக்கு மூன்றும் பொருந்துகின்றன. தவறான தகவல் எதையும் தாங்கள் தந்து அந்த ஊதியத்தைப் பெறவில்லை என்பதை மனுவில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

எதிர்த்தரப்பு எங்கே பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊதியத் திருத்தத்தின்போது, புதிய ஊதியத்தை ஏற்பதாக ஊழியர் தரும் விருப்பப் படிவத்தோடு, "அதிகம் பெற்றது தெரியவந்தால் திருப்பிச் செலுத்துவேன்" என்று உறுதிமொழி எழுதி வாங்குவது வழக்கம். அத்தகைய உறுதிமொழி தந்தவர், ஓய்வு பெற்றதைக் காரணம் காட்டிப் பிடித்தத்தைத் தடுக்க முடியாது என்று ஜக்தேவ் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் நீதித்துறை அலுவலர். சி பிரிவு ஊழியர் அல்லர். இந்த வேறுபாடு தங்களுக்கு வலுச் சேர்க்கும். ஆயினும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் வழக்குத் தொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாகும். எனவே பணிப்பதிவேட்டின் நகலையும் அப்படிவத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் கேட்டுப் பெறுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 

அடுத்து, பிடித்தத்துக்கு எதிராக எழுத்து மூலம் ஆட்சேபணை அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். முன்னறிவிப்புத் தராமல் பிடித்தம் செய்வது இயற்கை நீதிக்கும் (பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறிக்கும்) முரணானது. அதன் பிறகும் நிறுத்திவைத்தால், தங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அரசமைப்புச் சட்டக் கூறு 226இன் கீழ் பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக் கேளுங்கள்.

தங்கள் மீது துறை விசாரணையோ குற்ற வழக்கோ நிலுவையில் இருந்தால் நிலை வேறு. அப்போது தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன்படி தற்காலிக ஓய்வூதியம் மட்டுமே வரும், பணிக்கொடை அந்த விசாரணையோ வழக்கோ முடியும் வரை நிறுத்திவைக்கப்படும். மேலும், தவறான நிர்ணயத்தைத் திருத்தி இனி வரும் ஓய்வூதியத்தைக் குறைப்பது தனிப் பிரச்சினை. ரஃபீக் மசீ தீர்ப்பு ஏற்கெனவே கொடுத்த பணத்தை வசூலிப்பதைத்தான் தடுக்கிறது.