முதல் வேலை: வார்டா, ஐசியுவா?

வணக்கம் மேடம்,

நர்சிங் பட்டப்படிப்பு முடித்துப் பதிவும் செய்துவிட்டேன். இரண்டு இடங்களில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று பெரிய மருத்துவமனை. நேராக ஐசியு போஸ்டிங், சம்பளமும் கூடுதல். மற்றது நடுத்தரமான மருத்துவமனை, மெடிக்கல் வார்டு. படிக்கும்போது எப்போதும் பக்கத்தில் டியூட்டர் இருந்தார். இனி சிரிஞ்சை எடுத்தால் நான்தான் பொறுப்பு என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. ‘வார்டில் சேர்ந்தால் அங்கேயே தேங்கிவிடுவாய்’ என்று தோழிகள் வேறு பயமுறுத்துகிறார்கள். எதில் சேரட்டும்?

– ம.

அன்புள்ள ம.,

வார்டா ஐசியுவா என்பதை அப்புறம் பார்ப்போம். முதல் மூன்று மாதம் உங்கள் பக்கத்தில் யார் நிற்பார்கள்? அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘மூன்று மாதம் பயிற்சி உண்டு’ என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். மூன்றாம் நாளே ஆள் குறைகிறது என்று டியூட்டி ரோஸ்டரில் உங்களைத் தனி ஆளாகச் சேர்த்துவிட்டால் அது பயிற்சியே இல்லை. சீனியரும் நீங்களும் ஒரே நோயாளிகளைச் சேர்ந்து பார்க்க வேண்டும், உங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. வார்டுக்குக் குறைந்தது 6 வாரம், ஐசியுவுக்கு 12 வாரம் இப்படிப் போக வேண்டும் என்பது என் கணக்கு. எனவே இப்படிக் கேளுங்கள்: ‘எத்தனை வாரம் என்னைத் தனி ஆளாகக் கணக்கில் எடுக்க மாட்டீர்கள்? ஒரே சீனியரா, தினம் ஒருவரா? நைட் டியூட்டி எப்போது தொடங்கும்? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், உடன் சீனியர் யாராவது இருப்பார்களா?’ இதை நியமனப் பிரிவில் கேட்டுப் பயனில்லை, வார்டு இன்சார்ஜிடம் கேளுங்கள். போன வருடம் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் வார்டைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். ஹேண்ட்ஓவர், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது, படுக்கை அருகே நடக்கிறதா, மேஜையில் நோட்டைப் பார்த்து ஒப்பித்துவிட்டுக் கிளம்புகிறார்களா? இன்சுலினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரினும் போடும்முன் இன்னொரு நர்ஸ் அளவைச் சரிபார்க்கிறாரா? மருந்து ஏற்றிய சிரிஞ்சில் லேபிள் இருக்கிறதா? நீர்க்காத பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் மற்ற ஆம்பியூல்களோடு ஒரே தட்டில் கிடந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. அதை அவசரத்தில் மாற்றி எடுத்து நேராக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஜூனியர் ஒருவர் சந்தேகம் கேட்கும்போது சீனியரின் முகம் எப்படிப் போகிறது என்றும் கவனியுங்கள். நேர்காணலில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான், மானிட்டர் உண்டு, டாக்டரும் அருகில் இருப்பார். ஆனால் பிழைக்கு இடம் கொடுக்காத வேலை. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நோர்அட்ரினலின் சிரிஞ்ச் தீர்ந்துபோனதைக் கவனிக்காவிட்டால் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பக்கத்தில் ஆள் இல்லாமல் கற்கக் கூடிய இடமல்ல அது. வார்டில் நோயாளிகள் அதிகம், மானிட்டர் இருக்காது. ஒருவர் மோசமாகிறார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கை. பலர் எண்ணாமலே எல்லோருக்கும் 20 என்று சார்ட்டில் எழுதிவிடுவதும் அதைத்தான். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் நியூஸ்-2 மதிப்பெண் முறையில் பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய நிலை. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் ஆனால் அவசரம். இந்தக் கண்ணும், பல பேரின் வேலையை நேரப்படி அடுக்கும் பழக்கமும் வார்டில்தான் வரும். தேங்கிவிடுவோம் என்பது வீண் பயம். வார்டில் ஒன்றிரண்டு வருடம் தேறியவரை ஐசியு விரும்பி எடுத்துக்கொள்ளும்.

கை நடுக்கத்துக்கு வருகிறேன். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள், பாதி குறையும். கணக்குதான் பயமென்றால் தினமும் போட்டுப் பழகுங்கள்: 1000 மி.லி. ட்ரிப் 8 மணி நேரத்தில் போக வேண்டும், ட்ரிப் குழாய் செட் மி.லி.க்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு சுமார் 42 துளி. ஆள் மாறிவிடுமோ என்ற பயத்துக்கு, ‘நீங்கள் இன்னார்தானே?’ என்று கேட்காதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவரும் காது கேளாதவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு, கைப்பட்டையோடும் ஒப்பிடுங்கள். இரவில் டாக்டருக்குப் போன் செய்வது பயமென்றால் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: யார், இப்போது என்ன நடக்கிறது, எதற்காகச் சேர்ந்தவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும். அவர் சொல்லும் அளவைத் திருப்பிச் சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோல் கேட்கும், ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கமாகச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு, தயங்காமல் கேளுங்கள்: ‘மருந்து மாறிவிட்டால் இங்கே என்ன செய்வீர்கள்?’ நோயாளியைப் பார்த்து, வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், மூச்சு போன்றவை) எடுத்து, டாக்டரிடமும் இன்சார்ஜிடமும் சொல்லி, பிறகு அறிக்கை எழுதி ஏன் நடந்தது என்று பார்ப்போம் என்றால் நல்லது. சம்பளத்தில் பிடிப்போம் என்று பதில் வந்தால், அங்கே தவறுகளை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்த பிறகே கையெழுத்து. அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய மருத்துவமனையின் ஐசியு இன்சார்ஜிடம் பேசுங்கள். 12 வாரம், ஒரே சீனியர் என்று எழுத்தில் தந்தால் ஐசியுவிலேயே சேரலாம். ‘வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் மெடிக்கல் வார்டுக்குப் போங்கள். ஆனால் அங்கேயும் இரவில் தனியாக விட மாட்டார்கள் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு.