போனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது: கடற்கரைக் கேள்விகளும் பதில்களும்

கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கேன். செட்டிங் பெயர்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு; கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு சொல் மாறும். புதுசா காசு போட்டு வாங்க வேண்டியது அநேகமா எதுவும் இல்லை.

பாம்பன், நாட்டுப்படகு: படகு ஜிபிஎஸ்ல குறிச்ச இடத்தை அப்படியே போன் மேப்ல அடிச்சா வேற எங்கயோ காட்டுது. எதுல கோளாறு?

ரெண்டுலயும் கோளாறு இல்லை அண்ணே, எழுதுற முறைதான் வேற. படகுல இருக்கிற செட் பெரும்பாலும் பாகை, நிமிடம், நிமிடத்தின் பின்னம் என்று காட்டும். போன் பாகையை மட்டும் பின்னத்தோடு காட்டும்.

ராமேஸ்வரம் ஊருக்குள்ள விழுற ஒரு புள்ளியை எடுத்துக்குவோம். படகு செட்ல 9°17.250' வடக்கு, 79°18.900' கிழக்கு. நீங்க அதை 9.17250, 79.18900 என்று போன்ல அடிச்சிருப்பீங்க. போன் அதை நிமிடமாப் படிக்காது. தெற்கே 12.8 கிலோமீட்டர், மேற்கே 13.8 கிலோமீட்டர் தள்ளிப் போய், குருசடைத் தீவுக்கும் தெற்கே கடலுக்குள்ள புள்ளி விழும். நேர்கோட்டில் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் பிசகு.

மாத்துறது சுலபம். நிமிடத்தை 60ஆல் வகுக்கணும். 17.250 ÷ 60 = 0.2875, 18.900 ÷ 60 = 0.315. ஆக, போனுக்குக் கொடுக்க வேண்டியது 9.2875, 79.315. கணக்கே வேண்டாம்னா கூகுள் மேப் தேடல் பெட்டியில் 9 17.250, 79 18.900 என்று பாகைக்கும் நிமிடத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு அடிங்க, அதுவே புரிஞ்சுக்கும். புள்ளி வைக்கிற இடத்தில் இடைவெளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

படகு செட்டின் மெனுவிலும் பொசிஷன் ஃபார்மட்டை மாத்த முடியும். மாத்தாதீங்க. பக்கத்துப் படகுக்காரர் வயர்லெஸ்ல சொல்ற நம்பர் நிமிடக் கணக்குல இருக்கும். உங்க செட் மட்டும் வேற மாதிரி இருந்தா, அவசரத்துல தப்பா வாங்கிக்குவீங்க. துண்டுச்சீட்டுல யாராவது எழுதிக் கொடுத்தா ஒரு சோதனை: நிமிடம் ஒருக்காலும் 60ஐத் தொடாது. புள்ளிக்கு அப்புறம் முதல் ரெண்டு எண் 60க்கு மேல இருந்தா அது பாகைப் பின்னம்தான். 60க்குக் கீழ இருந்தா எதுவாவும் இருக்கலாம், கேட்டுத்தான் ஆகணும். 9°17'15" என்று மூணா எழுதியிருந்தா கடைசி எண் விநாடி, அதுவும் மேலே சொன்ன அதே இடம்தான்.

தொண்டி, விசைப்படகு: அப்போ எல்லைக் கோட்டையும் போன்லயே பார்த்துக்கலாம்ல?

வேண்டாம் தம்பி. போன் உங்க இடத்தை வானம் திறந்த கடல்ல சில மீட்டர் பிசகோட சரியாத்தான் சொல்லும். சிக்கல் கோட்டுலதான். இந்திய-இலங்கைக் கடல் எல்லை என்பது 1974, 1976 ஒப்பந்தங்களில் எண்ணா எழுதின புள்ளிகளைச் சேர்த்த கோடு. கார் ஓட்டுறவனுக்கான மேப்ல போட்டிருக்கிற புள்ளிக்கோட்டை நம்பி அதுக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது. இன்னொண்ணு, வலை விட்டுட்டு எஞ்சினை அமர்த்தியிருக்கும்போது நீரோட்டம் படகை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். போன் திரை அணைஞ்சிருக்கும், எழுப்ப ஆள் வேணும். படகு செட்ல எல்லைக்கு 2, 3 கடல் மைல் உள்ளேயே புள்ளிகள் போட்டு அலாரம் வைங்க. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

மண்டபம், விசைப்படகு: ஆப்ல அலை 2 மீட்டர்னு போட்டிருந்துச்சு. தென்கடல்ல (மன்னார் வளைகுடாவுல) போனா மூணரைக்கு எழும்புது. ஆப் பொய் சொல்லுதா?

ஆப் சொல்ற 2 மீட்டர் அதிகபட்ச அலை இல்லை. வர்ற அலைகளை உயரப்படி வரிசையா வெச்சு, மேலே இருக்கிற மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்த சராசரி அது. சில மணி நேரம் நின்னா, அதைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு அலையும் ஒண்ணு ரெண்டு வரும். அதனால 2ஐப் பார்த்தா மனசுல 4ஐ வெச்சுக்கங்க.

உயரத்துக்குப் பக்கத்துல விநாடி என்று ஒண்ணு இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ஆகிற நேரம் அது. அதை யாரும் பார்க்கிறதில்லை. அதுதான் முக்கியம். 2 மீட்டர், 14 விநாடி என்றால் நீண்ட அலை. ஆழத்துல படகைத் தூக்கி இறக்கிட்டுப் போயிடும், கரை ஏறும்போது உடைஞ்சு அடிக்கும். 2 மீட்டர், 5 விநாடி என்றால் செங்குத்தான, நெருக்கி வர்ற அலை, விடாம அடிக்கும். ஆழம் குறைஞ்ச வடகடல்ல (பாக் விரிகுடாவுல) வாடைக் காத்துல வர்றது இந்த ரகம். ஒரே 2 மீட்டர், ஆனா ரெண்டு கடல்லயும் வேற வேற பாடு.

காத்தே இல்லாத நாள்ல நீண்ட அலை வந்து கரையேறுறதைத்தான் கள்ளக்கடல்னு சொல்றாங்க. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிச்ச காத்து கிளப்பின அலை, நாட்கணக்கில் பயணம் பண்ணி இங்க வருது. காத்து ஆப்பை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் இதுக்கு எச்சரிக்கை விடும். அவங்களோட சமுத்ரா ஆப்ல பார்க்கலாம்.

விண்டி என்கிற வானிலை ஆப் வெச்சிருந்தா அதில் இசிஎம்டபிள்யூஎஃப் (ஐரோப்பா), ஜிஎஃப்எஸ் (அமெரிக்கா) என்று ரெண்டு கணிப்பையும் மாத்தி மாத்திப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா ஓரளவு நம்பலாம். முரண்பட்டா மோசமா சொல்றதை எடுத்துக்கங்க. முதலாவது 9 கிலோமீட்டர் கட்டம் கட்டமாக் கணிக்குது, மற்றது அதை விடப் பெரிய கட்டம். ராமேஸ்வரம் தீவு மாதிரி ஒடுங்கின நிலம் அதுக்குச் சரியாத் தெரியாது. அலகையும் பார்த்துக்கங்க: ஆப்ல 25 நாட் என்றால் வானிலை அறிக்கைக் கணக்குல மணிக்கு 46 கிலோமீட்டர். கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கிற அனுமதி டோக்கனை நிறுத்திட்டா எந்த ஆப்பும் பேச்சுக்கே இல்லை.

தங்கச்சிமடம், வீட்டிலிருந்து: அவர் போகும்போது வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டுட்டுப் போறார். நடுவுலயே நின்னுடுது. ராத்திரி பூரா பயமா இருக்கு.

அக்கா, அது நின்னா அநேகமா டவர் போயிடுச்சுன்னுதான் அர்த்தம். இடத்தைக் கண்டுபிடிக்க நெட் வேண்டாம், அதை உங்களுக்கு அனுப்பத்தான் நெட் வேணும். அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். டவர் இருந்தாலும் அதுக்கு அப்புறம் தானா அணையும். கடைசியா எத்தனை மணிக்குப் புதுப்பிச்சதுன்னு கீழே இருக்கும், அந்த நேரத்தையும் இடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

திரும்பி வர்ற நேரத்தை ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கங்க: படகு எண், எத்தனை பேர், எந்தக் கடல், எத்தனை மணிக்கு மேல ஆனா தேடணும். அந்த நேரம் தாண்டினா கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. முதல்ல கேட்பது இந்த விவரங்களைத்தான்.

அவர்கிட்ட சொல்ல ஒண்ணு இருக்கு: டவர் போன பிறகு ஃபிளைட் மோடு போடச் சொல்லுங்க. டவர் தேடித் தேடியே பாட்டரி தீர்ந்துடும். ஃபிளைட் மோடுலயும் ஜிபிஎஸ் வேலை செய்யும். 10,000 என்று எழுதின பவர் பேங்க் 5,000 பாட்டரி போனை ரெண்டு தடவை ஏத்தாது. மின்னழுத்தம் மாத்துறதுல போற நஷ்டம் போக ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை தடவை.

தனுஷ்கோடி, கடை: போன் தானா இலங்கை நெட்வொர்க் பிடிச்சுக்குது.

சிம் செட்டிங்கில் நெட்வொர்க் ஆபரேட்டர் போய் ஆட்டோமேட்டிக்கை அணைச்சு, உங்க கம்பெனியைக் கையால தேர்ந்தெடுங்க. டேட்டா ரோமிங் எப்பவும் அணைஞ்சே இருக்கட்டும். ஊருக்குள்ள வந்ததும் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பிடணும், இல்லேன்னா சில இடத்துல சிக்னலே வராது.

கீழக்கரை, வீட்டிலிருந்து: உம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. மகன் துபாய்ல. வாட்ஸ்அப் கால் அங்கே எடுபடலை. மாத்திரையும் மறந்துடுறாங்க.

அமீரகத்துல வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை, போன்ல பழுதில்லை. குரல் செய்தி போகும், வரும். பேசணும்னா அங்கே அனுமதி உள்ள போட்டிம் மாதிரி ஆப்பை ரெண்டு பக்கமும் போடணும்.

வாசிக்கத் தெரியாதவங்களுக்குப் படம்தான் எழுத்து. வேண்டியவங்க நம்பரை அவங்கவங்க போட்டோவோட சேமிங்க. முகப்புத் திரையில் வெறும் இடத்தை அழுத்திப் பிடிச்சு, விட்ஜெட், காண்டாக்ட்ஸ், டைரக்ட் டயல். இப்போ முகத்தைத் தொட்டா நேரா கால் போகும். நாலு முகத்துக்கு மேல வைக்காதீங்க, கைதவறிப் போகும். இது சாதா அழைப்பு, வெளிநாட்டு நம்பருக்குக் காசு பிடிக்கும்; மகனுக்குப் பதிலா உள்ளூர்ல இருக்கிற ராத்தாவோட (அக்காவோட) முகத்தை முதல்ல வைங்க.

மாத்திரைக்கு: "உம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடி வெள்ளை மாத்திரை" என்று மகன் குரலையே பதிஞ்சு அனுப்பச் சொல்லி, அதைப் போன்ல சேமிங்க. கூகுள் கிளாக்ல அலாரம் ஒலியைத் தொட்டு, புதியதைச் சேர் என்பதில் அந்தக் கோப்பைக் கொடுங்க. மணி அடிக்கிறதுக்குப் பதிலா மகன் பேசுவார். அலாரம் சத்தத்துக்கு வால்யூம் தனி, அதையும் பார்த்து ஏத்துங்க.

ஓலைக்குடா, பாசி வளர்ப்புக் குழு: எந்த மிதவையை எப்போ அறுக்கணும்னு குழம்பிப் போகுது.

மிதவையில கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் கடற்பாசிக்கு, கட்டினதுல இருந்து 45 நாள் கணக்கு. ஜூன் 20 கட்டினா ஆகஸ்ட் 4. கூகுள் காலண்டர்ல ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு நிகழ்வு போடுங்க, தலைப்புல மிதவை எண். 45 நாளுக்கு ஒரு தடவை தானா வர்ற மாதிரி வைக்காதீங்க. ஒரு வாரம் காத்தடிச்சு அறுப்பு தள்ளிப்போனா அதுக்கு அப்புறம் எல்லாத் தேதியும் பொய்யாகும். அறுத்த அன்னிக்கே அடுத்ததைப் போடுறதுதான் சரி. அதே நிகழ்வின் குறிப்புல விதை எடை, அறுத்த எடை, காய்ஞ்ச எடை மூணையும் எழுதுங்க. 12க்கு 12 அடி மிதவைக்கு 60 கிலோ விதை. காய்ஞ்சா சுமார் பத்துல ஒரு பங்குதான் நிக்கும். வியாபாரி எடையில கை வெச்சா இந்தக் குறிப்புல தெரிஞ்சிடும்.

ஏர்வாடி, மீன் விற்பனை: பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டிட்டுப் போயிடுறாங்க.

ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. உங்க ஆப்ல வரவுப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகு மீனைக் கொடுங்க. காலையில கடை போட்டதும் உங்க கியூஆரை நீங்களே ஒரு தடவை ஸ்கேன் பண்ணி உங்க பெயர் வருதான்னு பாருங்க, மேல வேற ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. பணம் வாங்குறதுக்கு ரகசிய PIN நம்பர் ஒருக்காலும் தேவையில்லை. கேட்டா அது உங்க பணம் போற வழி. ஏமாந்துட்டா அன்னிக்கே, முடிஞ்சா அந்த மணிக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க.

தேவிபட்டினம், நாட்டுப்படகு: போன் கடல்ல விழுந்துருச்சு. அரிசியில போட்டு வெச்சிருக்கேன்.

அரிசியில இருந்து எடுங்க. பிரச்சினை ஈரம் இல்லை, உப்பு. ஈரம் காய்ஞ்சாலும் உப்பு உள்ளேயே நின்னு செம்பை அரிக்கும். முதல்ல அணைங்க, சிம்மை எடுங்க, சார்ஜ் போடவே கூடாது. ஈர உப்புல மின்சாரம் பாஞ்சா சார்ஜிங் பின் அங்கேயே கருகும். தண்ணி தாங்கும்னு ஐபி68 மதிப்பீடு எழுதின போன் என்றால் நல்ல தண்ணியில மெதுவா அலசித் துடைக்கலாம். அந்த மதிப்பீடு நல்ல தண்ணிக்குத்தான், கடல்தண்ணிக்கு இல்லை. சாதா போன் என்றால் இன்னிக்கே கடைக்கு. "தண்ணியில விழுந்துச்சு"ன்னு சொல்லாதீங்க, "கடல்தண்ணி"ன்னு சொல்லுங்க. வெறும் தண்ணின்னா ஹீட்டர்ல காயவெச்சுக் கொடுத்துடுவாங்க. கடல்தண்ணின்னா போர்டைக் கழட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கழுவணும்னு அவங்களுக்கே தெரியும்.