வலி மாத்திரை எப்போது பழக்கமாகிறது? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். பினாங்கில் மருந்தாளராக இருக்கிறேன். டிரமடோல், கோடீன், மார்ஃபின் மாதிரி டாக்டர் எழுதிக் கொடுக்கும் வலி மருந்துகளைப் பற்றி இன்று கேட்கலாம். பானடோல் இந்த வகையில் வராது.

கேள்வி (ஜெலுத்தோங்): அக்கா, என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். முதுகு பிடித்துக்கொண்டதற்கு டிரமடோல் கொடுத்தார்கள். வலி போய்விட்டது என்கிறார், மாத்திரையை மட்டும் விடவில்லை. அடிமையாகிவிட்டாரா?

பதில்: எத்தனை போடுகிறார் என்பதைவிட எதற்காகப் போடுகிறார் என்று கவனியுங்கள் தங்கச்சி. முதுகுக்காக ஆரம்பித்த மாத்திரையைத் தூக்கம் வர, கோபம் அடங்க, காலையில் வேலைக்குக் கிளம்பத் தெம்பு வர என்று போட ஆரம்பித்திருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஒரு மாதத்துக்குக் கொடுத்தது பாதியிலேயே தீர்ந்துபோகும், "பாக்கெட் தொலைந்துவிட்டது" என்பார், ஒரு கிளினிக்கில் வாங்கியதைச் சொல்லாமல் இன்னொரு கிளினிக்கில் வாங்குவார். இங்கே தனியார் கிளினிக்கிலேயே மருந்தையும் கொடுத்துவிடுவதால் ஓரிடத்தில் வாங்கியது மற்ற இடத்துக்குத் தெரிவதில்லை. விடச் சொல்லி நீங்கள் கேட்டும், அவரே நினைத்தும் முடியவில்லை என்றால் அதுதான் முக்கியமான அறிகுறி. உடம்பில் என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், மலச்சிக்கல் இருக்கும். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும் என்று பலர் தேடிப் பார்க்கிறார்கள், டிரமடோலில் அது அவ்வளவாகத் தெரியாது, அதை நம்பி இருக்காதீர்கள். கண் சொருகுகிறவர் லாரி ஓட்டக் கூடாது, இதை இன்றைக்கே அவரிடம் பேசுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): அம்மா மூட்டு வலிக்கு டாக்டர் சொன்ன அளவுதான் போடுகிறார், ஆனால் மாதக்கணக்கில். போன வாரம் மாத்திரை தீர்ந்ததும் மூக்கு ஒழுகல், வியர்வை, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. டெங்கியோ என்று பயந்துவிட்டோம்.

பதில்: உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, திடீரென்று நிறுத்தியதும் இப்படிக் காட்டுகிறது. சொன்ன அளவிலேயே போட்டவருக்கும் இது வரும், அதனால் அம்மாவைப் போதைக்காரி மாதிரிப் பார்க்காதீர்கள். காய்ச்சலும் இருந்தால் டெங்கி ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார், நாளாகும், பரவாயில்லை.

கேள்வி (செந்தூல்): அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் சிரப் கொடுத்தார்கள். அடிமையாகிவிடுவார் என்று பெரியம்மா பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறார்.

பதில்: தயவுசெய்து இப்போதே எடுத்துக் கொடுங்கள். இந்தப் பயத்தால் வீட்டில் துடித்துக்கொண்டு கிடக்கிறவர்களை நினைத்தால் மனசு தாங்கவில்லை. வலி இருக்கிறதென்று அவர் நேரத்துக்கு மருந்து கேட்பது அடிமைத்தனம் அல்ல. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள், மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். பெரியம்மாவை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயாலேயே சொல்லக் கேட்கட்டும்.

கேள்வி (கிள்ளான்): தம்பி 50 மில்லிகிராம் டிரமடோல் காப்ஸ்யூலை ஒரே தடவையில் பத்து போடுகிறான். ஒன்றும் ஆகவில்லை என்கிறான்.

பதில்: அது 500 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உச்ச அளவே 400. டிரமடோல் அளவு மீறினால் வலிப்பு வரும். மதுவோ தூக்க மாத்திரையோ கெத்தும் (ketum) இலை காய்ச்சிய தண்ணீரோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். எழுப்பினாலும் எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் 999 அழையுங்கள், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): எனக்கே விட முடியவில்லை. எங்கே போவது? போலீஸ் வருமா?

பதில்: டாக்டர் கொடுத்த மாத்திரை பழகிப்போய்விட்டது, உதவி வேண்டும் என்று போய்க் கேட்பது குற்றமில்லை ஐயா. பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்கில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். 2005 முதல் இங்கே மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது, எல்லோருக்கும் அது தேவைப்படாது, உங்களுக்கு எது சரி என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். போகும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள், கிளினிக் பிளாஸ்டிக் பைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், கூடவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும், குறிப்பாக மனச்சோர்வு மாத்திரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், டிரமடோலோடு சேர்ந்தால் ஆபத்து.